தகைவு, திரிபு, ப்ளஸ் டூ: ‘மன அழுத்தம்’ என்று எதைச் சொல்கிறோம்?

அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு வாரம். ஒரே நாளில் மூன்று பேர் என்னிடம் "ஸ்ட்ரெஸ்" என்ற சொல்லைச் சொன்னார்கள். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துபவன். காலையில் ஒரு பையன் ரெக்கார்டு நோட்டை நீட்டிக்கொண்டே, "செம ஸ்ட்ரெஸ் சார், கெமிஸ்ட்ரி இன்னும் மூணு பாடம் பாக்கி" என்று சிரித்தான். மதியம் ஒரு அம்மா வந்தார். "நைட்டெல்லாம் தூங்க மாட்டேங்கிறான் சார். வயித்து வலிங்கிறான், சாப்பாடு இறங்கல. டாக்டர்கிட்ட காட்டினா ஸ்ட்ரெஸ்ஸுன்னுட்டார்" என்றார். மாலையில், ஒரு மாதத்துக்கு மேலாக வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவியின் அப்பாவைப் போனில் பிடித்தேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். எக்ஸாம் ஸ்ட்ரெஸ்தான், லீவு விட்டா சரியாயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சொல் ஒன்றுதான், ஆனால் மூவரும் பேசியது வேறு வேறு. முதல் பையன் சொன்னது தன் தலைமேல் இருந்த வேலையைப் பற்றி. அந்த அம்மா சொன்னது, அப்படிப்பட்ட வேலை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதைப் பற்றி. மூன்றாவது வீட்டில் இருந்தது ஒரு நோய். லீவு விட்டும் அது சரியாகவில்லை.

இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளையை நோயாளி ஆக்கிவிடுகிறோம். நோயோடு இருக்கும் பிள்ளையிடம் "கொஞ்சம் வெளிய போய் விளையாடிட்டு வா" என்கிறோம்.

ஒரு சொல்லின் கதை

தமிழில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை ஸ்ட்ரெஸ்ஸுக்கும் எழுதுகிறோம், டிப்ரஷனுக்கும் எழுதுகிறோம். ஒரே நாளிதழில் ஒரு பக்கத்தில் ‘வேலைப்பளுவால் மன அழுத்தம்’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிட்டு வந்தார்’ என்றும் இருக்கும். படிப்பவர் இரண்டும் ஒன்று, அளவில்தான் வித்தியாசம் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. இந்தக் கட்டுரையில் டிப்ரஷனை ‘மனச்சோர்வு’ என்றே எழுதுகிறேன். மன அழுத்தம் என்றால் ஸ்ட்ரெஸ் மட்டும்.

ஸ்ட்ரெஸ் என்ற ஆங்கிலச் சொல்லே எங்கள் பாடத்திலிருந்து போனதுதான். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் அதற்குத் ‘தகைவு’ என்று பெயர். ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் அதன் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் ஒரு விசை விழுகிறது. அதைத் தாங்க கம்பிக்குள் எழும் எதிர்விசையை அதன் பரப்பால் வகுத்தால் தகைவு. அதனால் கம்பி தன் நீளத்தில் எவ்வளவு பங்கு நீள்கிறது என்பது ‘திரிபு’. ஒரு எல்லைக்குள் இருக்கும்வரை, எடையை எடுத்ததும் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அந்த எல்லைக்கு ‘மீட்சி எல்லை’ என்று பெயர். அதைத் தாண்டினால் எடையை எடுத்தாலும் கொஞ்சம் நீண்டே நிற்கும்.

இந்தச் சொல்லை உடம்புக்கு எடுத்துப் பரப்பியவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மாண்ட்ரீலில் எலிகளை வைத்து ஆராய்ந்தவர். ஒரு ஹார்மோனைத் தேடித்தான் எலிகளுக்கு ஊசி போட்டார். பிறகு வேறு எதைப் போட்டாலும், எந்த வகையில் வாட்டினாலும், உள்ளே ஒரே மாதிரி மாற்றங்கள் தெரிந்தன: அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது, வயிற்றில் புண். தொல்லை எதுவாக இருந்தாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது என்று 1936ல் ‘நேச்சர்’ இதழில் சுருக்கமாக எழுதினார். அந்தப் பதிலுக்குத்தான் பிற்பாடு ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்தார். இயற்பியல்காரன் கண்ணில் இது இடறும். எடையால் கம்பியில் ஏற்படும் மாற்றத்துக்குத் திரிபு என்றல்லவா பெயர்! தன் ஆங்கிலம் இன்னும் நன்றாக இருந்திருந்தால் ‘ஸ்ட்ரெய்ன்’ என்றே வைத்திருப்பேன் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஆக, குழப்பம் பெயர் வைத்த நாளிலேயே ஆரம்பித்துவிட்டது.

சரி, நாம் இப்படி வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து வருவது சுமை. பரீட்சை, கடன், காதல் முறிவு, வீட்டுச் சண்டை எல்லாம் சுமைகள். அதற்கு உடம்பும் மனமும் தரும் பதில்தான் மன அழுத்தம். மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் நோய்கள், அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

தெருநாயும் தண்ணீர் மோட்டாரும்

இரவு பத்து மணிக்கு டியூஷன் முடிந்து சைக்கிளில் வருகிறீர்கள். முக்குத் திரும்பியதும் ஒரு நாய் குரைத்துக்கொண்டு பாய்கிறது. "இது நாய், கடிக்கும், ஓட வேண்டும்" என்று யோசித்து முடிப்பதற்குள் கால் பெடலை மிதிக்க ஆரம்பித்துவிடுகிறது. மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தகவல் வந்ததும் அங்கிருந்து நரம்பு வழியாக, சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு ஆணை போகிறது. சில நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு கூடுகிறது, ரத்தம் தோலிலிருந்தும் குடலிலிருந்தும் விலகித் தசைகளுக்குப் போகிறது. கை சில்லிட்டுப் போவதும், வாய் உலர்வதும், வயிறு பிசைவதும் இதனால்தான். பரீட்சை நாள் காலையில் பிள்ளை நாலு தடவை பாத்ரூம் போவதற்கும் இதுதான் காரணம். அது நடிப்பும் இல்லை, நேற்று சாப்பிட்ட பரோட்டாவின் குற்றமும் இல்லை.

இது முதல் அலை. இரண்டாவது அலை கொஞ்சம் மெதுவாக வரும். ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கு ரசாயனச் சீட்டு அனுப்ப, அது அட்ரினலுக்கு அனுப்ப, அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வெளியே வருகிறது. ரத்தத்தில் இதன் அளவு உச்சத்தைத் தொட இருபது முப்பது நிமிடம் ஆகும். இதன் வேலை, ஓடிக்கொண்டே இருக்கத் தேவையான சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றிவைப்பது. அதற்காகச் செரிமானம், வளர்ச்சி, நோய் எதிர்ப்பு போன்ற ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ வேலைகளைத் தற்காலிகமாகக் குறைத்துவைக்கும். கார்ட்டிசாலை வில்லன் மாதிரி பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தினமும் விடியற்காலையில் அது ஏறுவதுதான் நாம் படுக்கையை விட்டு எழவும் உதவுகிறது.

முக்கியமான இடம் இதற்கு அடுத்தது. நாய் பின்தங்கிவிட்டது. இனி இந்த ஓட்டத்தை யார் நிறுத்துவது? உங்கள் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பியதும் உள்ளே இருக்கும் சென்சார், கீழே மோட்டாரை நிறுத்துகிறது. கார்ட்டிசாலுக்கும் அதே ஏற்பாடுதான். ரத்தத்தில் அது போதிய அளவு சேர்ந்ததும் ஹைபோதலாமஸ் அதை உணர்ந்து "போதும்" என்று சீட்டு அனுப்புவதை நிறுத்துகிறது. சிறிது நேரத்தில் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். வீட்டுக்குப் போய் "இன்னைக்கு நாய் துரத்திச்சும்மா" என்று சிரித்துக்கொண்டே தோசை கேட்பீர்கள்.

இதுவரை சொன்னதில் நோய் எங்கும் இல்லை. மன அழுத்தம் என்பது உயிர் பிழைக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு. மோட்டார் ஓடுவது கோளாறு இல்லை, தொட்டி நிரம்பியும் ஓடிக்கொண்டிருந்தால்தான் கோளாறு.

வினாத்தாளைப் பார்த்ததும் ஏன் மறந்துபோகிறது?

"கொஸ்டின் பேப்பர் கொடுத்ததும் ப்ளாங்க் ஆயிடுச்சு சார். பஸ் ஸ்டாண்ட் வந்ததும் எல்லாம் ஞாபகம் வந்திடுச்சு." ஒவ்வொரு மார்ச்சிலும் இதைக் கேட்கிறேன். ஆசிரியர்களில் பாதிப்பேர் இதை நம்புவதில்லை. நானும் ஒரு காலத்தில் நம்பவில்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு முன்நெற்றிப் புறணி என்று பெயர். யோசிப்பது, வரிசைப்படுத்துவது, ஒரு கணக்கின் நாலு படிகளை ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. ஆபத்து நேரத்தில் இந்தப் பகுதியின் பிடி தளர்கிறது. நாய் துரத்தும்போது அது தேவையும் இல்லை, யோசித்து நின்றால் கடிதான் கிடைக்கும். கூடவே, சேர்த்துவைத்த நினைவை வெளியே எடுப்பதையும் கார்ட்டிசால் கடினமாக்குகிறது. பாடம் மூளையை விட்டுப் போகவில்லை. பீரோவில் துணி இருக்கிறது, சாவிதான் அந்த நேரத்தில் கைக்கு அகப்படவில்லை. பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் அழுத்தம் இறங்கிவிடுகிறது, சாவி கிடைத்துவிடுகிறது.

நம் பொதுத்தேர்வில் எழுத ஆரம்பிக்கும் முன் வினாத்தாளை வாசிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். படபடப்பு உச்சத்தில் இருக்கும் நேரமும் பெரும்பாலும் அதுதான். தெரியாத கேள்விகளை எண்ணிக்கொண்டு அதைச் செலவழிப்பவர்கள் அதிகம். நான் என் பிள்ளைகளிடம் சொல்வது: நன்றாகத் தெரிந்த இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்றைத் தேடிப் பிடி, அதில் ஆரம்பி. அதற்கு முன் மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்து ஐந்தாறு தடவை விடு. இதில் மந்திரம் எதுவும் இல்லை. மூச்சை வெளியே விடும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத் துடிப்பை மெதுவாக்குகிறது. அட்ரினலின் பண்ணிய வேலையைக் கொஞ்சம் திருப்பிப் போட நம் கையில் இருக்கும் சுவிட்ச் அது ஒன்றுதான் என்றே சொல்லலாம்.

அழுத்தமே இல்லாமல் இருந்தால் நல்லதா? அதுவும் இல்லை. 1908லேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளிடம் இதைப் பார்த்தார்கள். கடினமான பாடத்தைக் கற்கும்போது, லேசான மின்னதிர்ச்சியைவிட நடுத்தரமான அதிர்ச்சியில் எலிகள் வேகமாகக் கற்றன. அதிர்ச்சி மேலும் கூடியபோது தடுமாறின. தேதி அறிவிக்காத பரீட்சைக்கு யாரும் படிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே.

நாய் போய்விடும், ப்ளஸ் டூ போகாது

இந்த ஏற்பாடு சில நிமிட ஆபத்துக்காக உருவானது. ப்ளஸ் டூ என்பது பத்து மாத நாய். ஜூனில் குரைக்க ஆரம்பித்து மார்ச் வரை பின்னாலேயே வரும். முடிந்ததும் நீட், அதற்குப் பிறகு கவுன்சிலிங் என்று வேறு நாய்கள். மனிதனுக்கு இன்னொரு வினோதத் திறமையும் உண்டு: நாய் இல்லாதபோதும் அதை நினைத்தே மோட்டாரைப் போட முடியும். இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு, "கட்-ஆஃப் 190 வராவிட்டால்?" என்று நினைத்தாலே இதயம் அடிக்க ஆரம்பிக்கும்.

மோட்டார் மாதக்கணக்கில் அடிக்கடி ஓடினால் சென்சாரின் உணர்வு மங்குகிறது. இரவில் இறங்க வேண்டிய கார்ட்டிசால் சரியாக இறங்குவதில்லை, தூக்கம் தள்ளிப்போகிறது. தூக்கம் குறைந்தால் மறுநாள் சின்ன விஷயமும் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்கிவைத்த வேலைகள் அப்படியே நிற்கின்றன: செரிமானம் கெடுகிறது, தலைவலி வருகிறது, சளி பிடித்தால் விடுவதில்லை, சில பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகிறது. அந்த அம்மா என்னிடம் சொன்ன வயிற்று வலி இந்த வகை. வலி நிஜம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் பொய் என்று அர்த்தம் ஆகாது.

கம்பிக்கும் மனிதனுக்கும் ஒப்பீடு இங்கே உடைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீட்சி எல்லையைத் தாண்டிய கம்பி தானாகத் திரும்பாது. மனிதன் ஓய்விலும், தூக்கத்திலும், பேச்சிலும், தேவைப்பட்டால் சிகிச்சையிலும் திரும்பி வருகிறான்.

ஏன் இந்த வயதில் மட்டும் இவ்வளவு?

பதினாறிலிருந்து பத்தொன்பது வரை மூளை ஒரு விசித்திரமான கட்டத்தில் இருக்கிறது. பயம், ஆசை, அவமானம் இவற்றை உணரும் பகுதிகள் முன்னதாகவே முழு வேகத்துக்கு வந்துவிடுகின்றன. அவற்றைப் பிடித்து நிதானப்படுத்தும் முன்நெற்றிப் புறணி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். ஆக்சிலேட்டர் சர்வீஸ் ஆகி வந்துவிட்டது, பிரேக் இன்னும் ஒர்க் ஷாப்பில் இருக்கிறது. "இவ்வளவு வளர்ந்தவனுக்கு இதுகூடப் புரியாதா?" என்று கேட்கும்போது உயரத்தைப் பார்த்துக் கேட்கிறோம்.

அடுத்தது தூக்கம். இருட்டியதும் தூக்கத்துக்கு அழைக்கும் ஹார்மோன் மெலடோனின். பருவ வயதில் அது சுரக்கும் நேரம், சின்ன வயதோடு ஒப்பிட்டால் இரண்டு மணி நேரம்வரை பின்னால் தள்ளிப்போகிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பத்து மணிக்குத் தூக்கம் வராததற்குப் போன் மட்டும் காரணம் இல்லை (போன் அதை இன்னும் மோசமாக்குகிறது என்பது வேறு). இந்த வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். நாம் என்ன செய்கிறோம்? காலை ஐந்தரைக்கு டியூஷன், எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், விடுதி என்றால் இரவு பதினொன்று வரை ஸ்டடி. நானே ஐந்தரை மணி டியூஷன் எடுத்தவன்தான். முதல் வரிசையில் தூங்கி விழுந்த பிள்ளைகளை எழுப்பி நிற்கவும் வைத்திருக்கிறேன். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. தூக்கத்தை வெட்டிப் படிப்பது, விதை நெல்லை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவது மாதிரி.

"எத்தனை மார்க் வாங்கின?"

சுமை எல்லாம் ஒரே கனம் இல்லை. எது மோட்டாரை அதிகம் ஓட்டுகிறது என்று பார்க்க, ஜெர்மனியின் டிரியர் நகரத்து ஆய்வாளர்கள் 1993ல் ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள். ஒருவரை அறைக்குள் கூப்பிட்டு, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் பேசச் சொல்வார்கள். அப்புறம் 1022லிருந்து 13, 13 ஆகக் கழித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தப்பினால் முதலிலிருந்து. அடியும் இல்லை, ஆபத்தும் இல்லை, இருந்தும் பெரும்பாலானோருக்குக் கார்ட்டிசால் சர்ரென்று ஏறியது. இந்த வகைச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டு விஷயங்கள் சேரும்போது ஏற்றம் அதிகம் என்று தெரிந்தது: பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வு, முடிவு நம் கையில் இல்லை என்ற உணர்வு.

உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு ப்ளஸ் டூ பிள்ளை நிற்பதை நினைத்துப் பாருங்கள். பந்தி முடிவதற்குள் எட்டுப் பேர் கேட்டிருப்பார்கள்: "என்னம்மா, ஹாஃப் இயர்லில எத்தனை? நீட் எழுதறியா? மாமா பையன் 580, தெரியுமில்ல?" நம்மிடம் டிரியர் சோதனை இலவசமாக, சாப்பாட்டுடன் நடக்கிறது.

இது அரசுக்கும் ஓரளவு புரிந்திருக்கிறது. பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2017ல் நிறுத்தியது. அடுத்த ஆண்டு ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்து, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று வருடமும் பொதுத்தேர்வு ஆனது. 2025-26 கல்வியாண்டிலிருந்து ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன், ப்ளஸ் ஒன் பாடத்தையே நடத்தாத பள்ளிகளுக்கு இது வசதியாகிவிடுமே என்ற கவலை இருந்தாலும். பேனரில் முதல் மூன்று மாணவர்களின் படம் போடும் பழக்கத்தை மட்டும் எந்த அரசாணையாலும் நிறுத்த முடியவில்லை.

மார்க் மட்டுமே சுமை என்று நினைத்துவிடக் கூடாது. என் வகுப்பில் முதல் பீரியடில் தினமும் தூங்கிய ஒருவன், விடியற்காலை நான்கு மணியிலிருந்து வாட்டர் கேன் போட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியவே மூன்று மாதம் ஆனது. அப்பாவின் குடி, சுயஉதவிக் குழுக் கடன், நிறத்தைப் பற்றியும் உடல்பருமனைப் பற்றியும் கேலி, சாதியைச் சொல்லிக் குத்துவது, வெளியே சொல்ல முடியாத காதல் என்று ஒவ்வொரு பையிலும் புத்தகத்தோடு வேறு ஏதோ ஒன்று இருக்கிறது.

இதுவரை வந்த பாதையைச் சுருக்கினால்: சுமை வருகிறது, உடம்பு பதில் தருகிறது, சுமை இறங்கினால் பதிலும் இறங்குகிறது. சுமை நீண்டாலும், தூக்கம் குறைந்தாலும், அவமானம் சேர்ந்தாலும் பதில் இறங்க மறுக்கிறது.

நோய் எங்கே ஆரம்பிக்கிறது?

மன அழுத்தம் முற்றி மனச்சோர்வு ஆகிறது என்று பலரும் சொல்வார்கள், பால் முற்றித் தயிர் ஆவது மாதிரி. அது முழு உண்மை இல்லை. நீண்ட மன அழுத்தம் மனச்சோர்வைத் தூண்டலாம். எந்தச் சுமையும் இல்லாதவர்களுக்கும் மனச்சோர்வு வரும். பெரும் சுமையைச் சுமந்தும் அது வராதவர்கள் ஏராளம். பரம்பரை, சிறுவயது அனுபவம், உடல்நிலை எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம் அது.

வித்தியாசத்தை வீட்டில் எப்படிப் பார்ப்பது? அழுத்தத்தில் இருப்பவனுக்கு ஆசை இருக்கும், நேரம் இருக்காது. கிரிக்கெட் ஆட முடியவில்லையே என்று எரிச்சல்படுவான். ஒரு நாள் லீவு கிடைத்தால் முகம் மலரும். மனச்சோர்வில் ஆசையே வற்றிவிடும். லீவு கொடுத்தாலும், பிடித்த பிரியாணி வாங்கிவந்தாலும், எதுவும் உள்ளே போய்த் தொடாது. மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல் ஏறக்குறைய இது: மனம் தொய்ந்திருப்பது அல்லது எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, இவற்றில் ஒன்றாவது கிட்டத்தட்ட நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருப்பது. கூடவே தூக்கம், பசி, கவனம் மாறுவது, எப்போதும் அசதி, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு. பதின்வயதில் இது அழுகையாக வெளிவராமல் எரிந்து விழுவதாகவும் வெளிவரும். "திமிர் பிடிச்சுப்போச்சு" என்று நாம் பெயர் வைக்கும் சிலவற்றில் இது ஒளிந்திருக்கிறது.

பதற்றக் கோளாறு வேறு வகை. நாய் போன பிறகும், நாயே இல்லாத தெருவிலும் மோட்டார் ஓடுவது. பரீட்சை முடிந்தும் பயம் முடியாது, அடுத்ததற்குத் தாவும். சிலருக்குத் திடீரென நெஞ்சு அடைத்து, மூச்சு முட்டி, ‘செத்துவிடப் போகிறேன்’ என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும்.

எத்தனை பேருக்கு? உலகில் 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் என்று வந்தது. சிறிய எண்ணிக்கையையே எடுத்துக்கொண்டாலும், நாற்பது பேர் உள்ள என் வகுப்பில் மூன்று பேர்.

அந்த மூன்று பேரில் ஒருத்திதான் ஆரம்பத்தில் சொன்ன மாணவி. அரையாண்டு லீவுக்குப் பிறகும் அவள் மாறவில்லை. ஷட்டில் ஆடுவதை எப்போதோ விட்டிருந்தாள், தோழிகளோடு சாப்பிட உட்காருவதையும் விட்டிருந்தாள். இரண்டாம் தடவை அப்பாவை நேரில் பார்த்து, பரீட்சையைப் பற்றிப் பேசாமல் அந்த ஷட்டிலைப் பற்றிக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேட்டைப் பரண்ல தூக்கிப் போட்டிருக்கா சார்" என்றார்.

பேசுவதும், போவதும்

முதலில் பேச்சு. "என்னதான் பிரச்சினை உனக்கு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். "ரெண்டு வாரமா நீ சரியா சாப்பிடல, கவனிச்சேன். என்னன்னு இப்பவே சொல்லணும்னு இல்ல" என்று பார்த்ததைச் சொன்னால் கதவு கொஞ்சம் திறக்கும். எதிரே உட்கார்ந்து கேட்பதைவிட, வண்டியில் போகும்போதோ வெங்காயம் உரிக்கும்போதோ பேசுவது எளிது. தீர்வு சொல்லும் ஆசையை அடக்குவதுதான் நமக்குக் கஷ்டம். "நாங்கல்லாம் தெருவிளக்குல படிச்சோம்" என்பதை மட்டும் அன்று சொல்லாமல் இருந்தால் போதும்.

சாவைப் பற்றிய எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். யாராவது ஒருவர் கேட்டதே பல பிள்ளைகளுக்கு முதல் ஆறுதல். ஆம் என்று பதில் வந்தால் தனியாக விடக் கூடாது, அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று ஒளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்கிறது.

யாரிடம் போவது என்பதிலும் குழப்பம் உண்டு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மருந்து எழுதமாட்டார். பலருக்கு இரண்டும் சேர்ந்து தேவைப்படும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு வாங்கிப் பார்க்கலாம். மனச்சோர்வு மருந்துகள் வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று நாமே நிறுத்துவதும் தவறு. இந்த வயதினருக்கு மருந்து ஆரம்பிக்கும் முதல் சில வாரங்கள் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும், மருத்துவரே அதைச் சொல்லி அனுப்புவார்.

உடனே போக முடியாவிட்டால் போன் இருக்கிறது. 14416 என்பது மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை என்று பெயர். இருபத்துநான்கு மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழில் பேசலாம். 104 என்ற மாநில சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம். பிள்ளைதான் பேச வேண்டும் என்றில்லை, "என் பையன் இப்படி இருக்கான், நான் என்ன செய்யட்டும்?" என்று பெற்றோரும் கேட்கலாம், ஆசிரியரும் கேட்கலாம். அந்த மாணவிக்காக முதலில் அந்த எண்ணை அழைத்தவன் நான்தான். மறுமுனையில் இருந்தவர் முதலில் கேட்டது அவள் மார்க்கை இல்லை, அவள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்பதை.

அவள் மார்ச்சில் இரண்டு பாடம் எழுதவில்லை. துணைத் தேர்வில் எழுதினாள். மருந்து அதற்குப் பிறகும் ஏழெட்டு மாதம் தொடர்ந்தது. டி.சி. வாங்க வந்தபோது அவளுடைய அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஸ்ட்ரெஸ்ஸுன்னே நெனச்சிட்டேன் சார். டாக்டர் வேற பேர் சொன்னார்." அவள் பின்னால் நின்று, ஆய்வக ஜன்னல் வழியாக, எடை தொங்கிக்கொண்டிருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைக் கழட்டவே மாட்டீங்களா சார்?" என்றாள்.